கோபத்தை என்ன செய்வது? கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் மாதம் ஒரு முறை வேதபாடம் நடத்துகிறேன். எந்தப் பகுதியை எடுத்தாலும் சரி, கூட்டம் முடிந்து காப்பி ஊற்றும் நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பது கோபத்தைப் பற்றித்தான். "அக்கா, மற்றதெல்லாம் போய்விட்டது, இந்த ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது." அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு அங்கேயே பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்துவைத்து யோசித்த பிறகுதான் சொன்னேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

கோபப்படுவதே பாவமா?

இல்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று பவுல் எழுதும்போது (எபேசியர் 4:26) கோபம் வேறு, பாவம் வேறு என்று பிரித்துத்தான் எழுதுகிறார். ஆனால் நம்மில் பலர் அந்த வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் தள்ளிப் போனால், "சகலவிதமான கசப்பும், கோபமும், மூர்க்கமும், கூக்குரலும், தூஷணமும்" உங்களைவிட்டு நீங்கவேண்டும் என்று இருக்கிறது. கோபம் வாசலுக்கு வந்தது குற்றமில்லை. பாய் விரித்துப் படுக்கவைப்பதுதான் குற்றம்.

வேதத்தில் முதன்முதலில் கோபப்பட்ட மனிதன் காயீன், தன் தம்பியைக் கொன்றவன். அவனிடம் தேவன் பேசிய விதம் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைக்கும். திட்டவில்லை. "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" என்று கேட்கிறார் (ஆதியாகமம் 4:6). கொலைக்குப் பிறகு கேட்ட கேள்வி இல்லை இது, கொலைக்கு முன்பே கேட்டது. காயீன் பதில் சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை. அடுத்து அவன் பேசுவது தம்பியோடு, பிறகு வயல்வெளி. "ஆண்டவரே, என் காணிக்கையை நீர் ஏற்றுக்கொள்ளவில்லை, எனக்கு அவமானமாக இருக்கிறது" என்று அந்த இடத்தில் அவன் வாய் திறந்திருந்தால்? கோபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். ஏன் என்று அவர் கேட்கிறார். உண்மையான பதிலை அவரிடம் சொல்லவேண்டும். அப்புறம்தான் மனிதரிடம் போகவேண்டும்.

இயேசுவே சாட்டையை எடுத்தாரே, நான் கோபப்பட்டால் என்ன?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வருகிறது. கேட்கும்போதே பதிலும் அவர்களிடம் தயாராக இருக்கும். சரி, அந்தச் சம்பவத்தையே பார்ப்போம்.

மாற்கு 11-ஆம் அதிகாரத்தில், இயேசு ஆலயத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்தியதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சின்ன வசனம் வருகிறது. இயேசு தேவாலயத்துக்குள் போய், "எல்லாவற்றையும் சுற்றிப்பார்த்து", நேரமாகிவிட்டதால் பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போய்விட்டார் (11:11). காசுக்காரரின் பலகைகள் கவிழ்ந்தது மறுநாள். பார்த்தார், ஓர் இரவு கடந்தது, பிறகு வந்து செய்தார். யோவான் சொல்லும்போது, அவர் கயிற்றினால் ஒரு சவுக்கை உண்டாக்கினார் என்கிறார் (2:15). கயிற்றை எடுத்துத் திரித்துச் சவுக்கு ஆக்க நேரம் வேண்டும், கை நடுங்காமல் இருக்கவேண்டும். நாம் தட்டைத் தூக்கி எறிவதற்கு ஒரு நொடி போதும்.

சுவிசேஷத்தில் "கோபத்துடனே" என்ற சொல் இயேசுவைப் பற்றி நேராக வருவது வேறோர் இடத்தில். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் சூம்பின கையுள்ள ஒரு மனிதன் நிற்கிறான். அவனைக் குணமாக்கினால் இவர்மேல் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். "அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்து" (மாற்கு 3:5). கோபத்தோடு துக்கமும் சேர்ந்தே இருந்தது. அடுத்து அவர் செய்தது என்ன? "உன் கையை நீட்டு" என்று அந்த மனிதனைச் சுகமாக்கினார். எதிராளிகளை ஒரு வார்த்தையும் திட்டவில்லை.

தம்மைச் சிலுவையில் அறைந்தவர்கள்மேல் அவர் கோபப்பட்டதாக எங்கும் இல்லை. அவருடைய கோபம் எப்போதும் வேறொருவருக்காகத்தான் வந்தது. என் கோபங்களை எண்ணிப் பார்த்தால் பத்தில் ஒன்பது, "என்னை மதிக்கவில்லை" என்பதற்காக வந்தவை. அவரை உதாரணம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

"நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவன்" என்றுதானே இருக்கிறது? என் கோபத்தில் நியாயம் இருக்கிறதே?

மத்தேயு 5:22-இல் அந்தச் சொல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் "நியாயமில்லாமல்" என்ற சொல் இல்லை. அதனால்தான் பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றில் "தன் சகோதரன்மேல் கோபப்படுகிறவன்" என்று மட்டும் இருக்கும். சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நியாயமில்லாமல் கோபப்பட்டேன் என்று அந்த நேரத்தில் யார் நினைத்திருக்கிறோம்? கோபமாக இருக்கும்போது நம் பக்கம்தான் நியாயம் நிறைந்து வழியும்.

அடுத்த இரண்டு வசனங்களில் இயேசு சொல்வது இன்னும் கடினம். காணிக்கையைச் செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். அவருக்கு என்மேல் குறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு அவர்மேல் இருக்கும் குறையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் எருசலேமில். கிட்டத்தட்ட மூன்று நாள் நடை. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு ஊருக்கு நடந்து போய், சமாதானமாகி, மறுபடி நடந்து வா என்றால் ஒரு வாரம் ஆகும். நாம் திருவிருந்தில் கையோடு கை சேர்த்துச் சமாதானம் சொல்லும்போது, பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் மட்டும் நம் கை திரும்பாது.

எனக்கு இயல்பாகவே கோபம் கிடையாது. சுற்றி இருப்பவர்கள்தான் கிளப்பிவிடுகிறார்கள். தனியாக இருந்தால் சரியாகிவிடும், இல்லையா?

எகிப்தின் பாலைவனத்தில் துறவிகளோடு வாழ்ந்து, 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய யோவான் காசியான் என்பவர் இதற்கு அழகாகப் பதில் சொல்லியிருக்கிறார். பாலைவனத்தில் தனியாக இருந்தபோது தனக்கு எழுதுகோல் தடிமனாக இருக்கிறது, மெல்லிதாக இருக்கிறது என்று கோபம் வந்ததாம். கத்தி மழுங்கலாக இருந்தால் கோபம். சிக்கிமுக்கிக் கல்லில் பொறி சட்டென்று வராவிட்டால் கோபம். திட்டுவதற்கு மனிதர் இல்லாததால் கல்லையும் கத்தியையும் திட்டியிருக்கிறார்.

நமக்கு நெட்வொர்க் கிடைக்காத போனும் மூடி இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலும் போதும்.

கோபம் தலைக்கேறும் அந்த நிமிஷத்தில் என்ன செய்வது?

வேதபாடத்தை விட உடம்பு முதலில் பேசும். காயீனின் முகநாடி வேறுபட்டதுபோல ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. எனக்குக் காது மடல் சூடாகும், குரல் ஒரு படி ஏறும். என் கணவருக்குத் தாடை இறுகும். அதைக் கவனித்துப் பழகிக்கொண்டால் சில நொடிகள் கையில் கிடைக்கும். அந்தச் சில நொடிதான் முழு வித்தியாசமும்.

எபிரெய மொழியில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். கர்த்தர் "நீடிய சாந்தமுள்ளவர்" என்று நாம் படிக்கும் இடங்களில் (யாத்திராகமம் 34:6 அவற்றில் ஒன்று) மூலத்தில் இருப்பது கிட்டத்தட்ட "நீண்ட மூக்குள்ளவர்" என்பதுதான். மூச்சு சூடாகி வெளியே வர நேரம் எடுக்கிறவர் என்று பொருள் கொள்ளலாம். நாமும் "அவளுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்" என்றுதானே சொல்கிறோம். அதனால் மூச்சை நிதானமாக விடுங்கள் என்று மருத்துவர் சொன்னால், இது என்ன உலகத்தார் யோசனை என்று ஒதுக்கவேண்டாம்.

அறையை விட்டுப் போகலாம். ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள். "இப்போ பேசினா தப்பாப் பேசிருவேன், அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவது வேறு, கதவை அறைந்துகொண்டு போவது வேறு. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவதும் முக்கியம்.

அப்புறம், வாட்ஸப். கோபத்தில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். வாயால் பேசியது கேட்டவர் மனதில் மட்டும் இருக்கும். இது குடும்பக் குழுவில் பத்து பேருக்குப் போய்விடும். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு எழுதியது (1:19) இந்த போனுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

சூரியன் அஸ்தமிக்கும் முன் எல்லாச் சண்டையும் முடிந்துவிட வேண்டுமா?

சண்டை முடியவேண்டும் என்று எபேசியர் 4:26-இல் இல்லை. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு, "இன்னைக்கே பேசி முடிக்கணும், பைபிள் அப்படித்தான் சொல்லுது" என்று களைத்துப்போன மனிதனை உட்காரவைத்து, முடியவேண்டிய சண்டையை விடியும்வரை இழுத்த தம்பதிகளை எனக்குத் தெரியும்.

அதே வசனத்தின் முதல் வரியை, "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்பதை, பவுல் 4-ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கிறார். சங்கீதத்தில் அதன் தொடர்ச்சி, "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." ஆகவே வழக்கு நாளைக்கு நிற்கலாம். எரிச்சல் மட்டும் இன்றைக்குத் தணியட்டும். தணிந்ததைக் காட்ட நம் வீடுகளில் பெரிய வசனம் எதுவும் வேண்டியதில்லை. "தண்ணி எடுத்து வச்சிருக்கேன், காலையில பேசிக்கலாம்" என்றால் போதும். கேட்டவருக்குப் புரியும்.

பிள்ளைகளிடம் கத்திவிடுகிறேன். ஆனால் கத்தினால்தான் வேலை நடக்கிறது. என்ன செய்ய?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது என் கேள்வியும்கூட.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் என் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஒரே தப்பை மூன்றாவது முறை செய்தாள். நான் நோட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவள் அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரசரவென்று கணக்கை எல்லாம் போட்டு முடித்துவிட்டாள், சரியாகவே. ராத்திரி பை அடுக்கும்போது பார்த்தேன். கிழித்த பக்கத்தை ஸ்கேலை வைத்து நேராக்கி, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஒட்டுப்பட்டைக்கு அடியில் டீச்சர் போட்டிருந்த சிவப்பு மை 'குட்' பாதி மட்டும் தெரிந்தது.

அந்த வாரம்தான் எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தைப் புதிதாகப் படித்தேன். கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். மோசேயோ, "கலகக்காரரே, கேளுங்கள்" என்று கத்திவிட்டு, கோலினால் கன்மலையை இரண்டு தரம் அடிக்கிறான். தண்ணீர் வந்ததா? வந்தது, ஏராளமாக. கூட்டமும் குடித்தது, மிருகங்களும் குடித்தன. கத்தினால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் கானானுக்குள் மக்களைக் கூட்டிக்கொண்டு போகும் பாக்கியத்தை மோசே அந்த இடத்தில் இழந்தான். அவன்தான் பூமியிலேயே மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று அதே புத்தகம் சொல்கிறது (12:3).

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் மிரியாம் மரித்து அடக்கம்பண்ணப்படுகிறாள். அவனுடைய அக்கா. அடுத்த வசனத்திலேயே ஜனங்கள் தண்ணீர் கேட்டு வாக்குவாதம் பண்ணுகிறார்கள். மோசே எப்போது அழுதான் என்று அங்கே சொல்லப்படவில்லை. நான் கன்மலையை அடித்த அன்று என் பையில் என்ன ரிப்போர்ட் இருந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று என்று அன்று ஆண்டவர் கேட்டிருந்தால், வகுத்தல் கணக்கு என்று நான் பதில் சொல்லியிருக்க முடியாது.

செய்யவேண்டியது என்ன? பயத்தைப் பிள்ளைகளிடம் பிள்ளைகளுக்குப் புரியும் அளவில் சொல்லலாம்: "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, அதுக்கு நீ காரணம் இல்ல." பசியோடும் களைப்போடும் இருக்கும்போது வீட்டுப்பாடத்தில் உட்காராதீர்கள். அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள், "திடனற்றுப்போகாதபடி" என்று கொலோசெயர் 3:21 சொல்கிறது. திடனற்றுப்போன பிள்ளை கீழ்ப்படியும். அதனால் நமக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். "பிரம்பைக் கையாடாதவன்" என்ற நீதிமொழியைக் காட்டி அடிப்பதை நியாயப்படுத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கோபம் முழுவதும் தணிந்த பிறகும் அடிக்கவேண்டும் என்று தோன்றுகிறதா? எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

கணவர் கோபத்தில் அடிக்கிறார். மனைவி பொறுத்துக்கொண்டு ஜெபிக்கவேண்டும் என்கிறார்களே?

ஜெபியுங்கள். ஆனால் அடி விழும் இடத்தில் நின்றுகொண்டு ஜெபிக்கவேண்டும் என்று வேதம் சொல்லவில்லை. "கோபக்காரர், ஆனால் நல்லவர்" என்று இதை மூடிவைக்கக்கூடாது. மேலதிகாரியிடம் வராத கோபம் மனைவியிடம் மட்டும் வருகிறது என்றால், அடக்க முடியாத கோபம் என்று அதற்குப் பெயரில்லை.

தாவீதைப் பாருங்கள். ராஜாவாகிய சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினான். பிறகு சவுலைக் கொல்ல இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தும் கை வைக்கவில்லை. "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்று சவுல் அழைத்தான் (1 சாமுவேல் 26:21). அரண்மனைக்குத் தாவீது திரும்பிப் போகவில்லை. ராஜாவின் ஈட்டியை வாங்கிக்கொண்டு போக ஒருவனை அனுப்பும்படி சொல்லிவிட்டு, தன் வழியே போனான். மன்னித்தான், ஆனால் ஈட்டி எட்டும் தூரத்தில் மறுபடி உட்காரவில்லை.

பெண்களுக்கான உதவி எண் 181, ஆபத்து நேரத்தில் 112, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி பாதுகாப்பு உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், வாழும் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமை உள்ளவனை விசாரிக்காமல் அடிக்கலாமா என்று சட்டத்தைத்தான் கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவில்லை. இந்த விஷயத்தில் பொறுத்துப்போ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர் யாராக இருந்தாலும், அந்த ஆலோசனையைக் கேட்கவேண்டாம்.

நான் கத்தவே மாட்டேன். பேசாமல் இருந்துவிடுவேன். அது நல்லதுதானே?

எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேர அமைதி ஞானம். பதினெட்டு நாள் அமைதி தண்டனை. சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவதும், "அப்பாகிட்ட சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவதும் கோபம்தான். சத்தம் மட்டும் இல்லை, அவ்வளவுதான். எபிரெயர் 12:15 சொல்லும் "கசப்பான வேர்" மண்ணுக்கடியில் சத்தமில்லாமல்தான் போகும்.

நம் கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வீட்டில் பொறுப்பில்லாமல் செலவு செய்கிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று குத்திக்காட்டுவது. கேட்கிறவரால் பதில் பேசமுடியாது, ஏனென்றால் அது ஜெபம். இதை நானும் செய்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளைகள் ஜெபத்தையே வெறுத்துவிடுவார்கள்.

தேவன்மேலேயே கோபம் வருகிறது. சொல்லலாமா?

சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்பது 13-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஆலயத்தில் பாடவேண்டிய பாட்டு அது. யோனா, நினிவே நகரம் அழிவுக்குத் தப்பித்ததற்காகச் சாகும் அளவுக்குக் கோபப்பட்டான். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்ட கர்த்தர், அவனை அடிக்காமல், நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடியை வளரச் செய்தார். பிறகு அதைப் பூச்சி அரித்துப் பட்டுப்போகச் செய்து, அந்தச் செடிக்காகப் பரிதபிக்கிற அவனிடம், நகரத்தில் இருக்கும் 1,20,000-க்கும் அதிகமான மனிதரைப் பற்றிப் பேசினார். புத்தகம் அவருடைய கேள்வியோடு முடிகிறது.

கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு மாதம் ஆலயத்துக்கு வராத ஒரு தங்கையிடம், "ஆண்டவரிடம் சண்டை போட்டாயா?" என்று கேட்டேன். "அப்படிச் செய்யலாமா அக்கா?" என்றாள். யோபு செய்தான். எரேமியா செய்தான். வாயை மூடிக்கொண்டு விலகிப் போவதைவிட முகத்துக்கு நேரே கேட்பது மேல்.

கோபம் பிசாசின் ஆவியா? விரட்ட ஜெபிக்கவேண்டுமா?

"பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்று எபேசியர் 4:27 சொல்கிறது. இடம் கொடுப்பது நாம். அதனால் பொறுப்பும் நம்முடையதுதான். ஜெபிக்கச் சொல்லுங்கள், நல்லது. ஆனால் "அது என்னைப் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் போகலாமா?

தாராளமாக. தூக்கமில்லாமை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வு, குடி இவையெல்லாம் கோபமாக வெளியே வரும். மனச்சோர்வு ஆண்களுக்கு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது சாதாரணம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சபைக்குள்ளேயே இவ்வளவு கோபமா என்று மனம் வெறுத்துப்போகிறது.

கமிட்டித் தேர்தல் முடிந்த மாதங்களில் எனக்கும் அப்படித்தான் இருக்கும். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் "கடுங்கோபம் மூண்டபடியினால்" பிரிந்தார்கள் என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார் (அப்போஸ்தலர் 15:39). வருடங்கள் கழித்து, கடைசிச் சிறையிருப்பிலிருந்து பவுல் எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" (2 தீமோத்தேயு 4:11). நடுவில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று எழுதப்படவில்லை. யாரோ கேட்டிருக்கவேண்டும்.

பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா?

போகாது. கேட்கும் விதம்தான் முக்கியம். "நீ அப்படிச் செஞ்சதாலதான் கத்தினேன், சாரி" என்பது மன்னிப்பு இல்லை, இரண்டாவது அடி. "நான் நோட்டைக் கிழிச்சது தப்பு. அதுக்கு என்னை மன்னிச்சிரு" என்று செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்டு, அங்கேயே நிறுத்திவிடவேண்டும். கணக்கைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்ளலாம். நான் கேட்டபோது மகள், "சரிம்மா, டேப் தீந்துபோச்சு, வாங்கணும்" என்றாள்.

நான் சமாதானமாகப் போகத் தயார். அவர்கள் பேசவே மறுக்கிறார்களே?

"கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று பவுல் எழுதியிருக்கிறார் (ரோமர் 12:18). உங்களால் ஆனது மட்டும்தான் உங்கள் கணக்கு. அடுத்தவர் பதிலுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் ஒரு முறை போய்விட்டு வந்து, என் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

எங்கள் ஐக்கியத்தில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பி குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்று பல வருடம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முறுக்கும் அதிரசமும் ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அந்தத் தூக்கு ஒவ்வொரு வருடமும் கழுவித் துடைத்து வெறுமையாகத்தான் வரும். "பலகாரத்தை எடுத்துக்கொள்கிறார்கள் இல்லையா, அது போதும்" என்பார் அக்கா. போன கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் தூக்கு திரும்பி வந்தபோது மூடியைத் திறந்து எங்களிடம் காட்டினார். அடியில் ஒரு பிடி சர்க்கரை இருந்தது.